புக்கிட் பெருவாங் வீட்டில் கிடைத்த தூது வேலை

"இடியப்பம் இன்னும் வேணுமோ எண்டு அவவிட்டக் கேளுங்கோ."

சொன்னவர் எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார். யாரிடம் கேட்கச் சொன்னாரோ, அந்த அம்மாள் எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்து தட்டில் சொதி ஊற்றிக்கொண்டிருந்தார். இருவருக்கும் நடுவில் ஒரு மேசை அகலம்கூட இல்லை. நான்தான் இருந்தேன்.

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்து வைத்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"அக்கா, இடியப்பம் வேணுமான்னு கேட்கிறாருங்க" என்றேன்.

"போதும் எண்டு சொல்லுங்கோ. சம்பலில உறைப்புக் கூட. அல்சர் இருக்கிற ஆக்கள் பாத்துச் சாப்பிடச் சொல்லுங்கோ."

"போதுமாமுங்க. சம்பல் காரமாம், பார்த்துச் சாப்பிடணுமாமுங்க."

அவர் தலையாட்டிவிட்டு, வேண்டுமென்றே இரண்டு கரண்டி சம்பல் போட்டுக்கொண்டார். தேங்காய்ப்பால் வாசனையும் மின்விசிறிச் சத்தமுமாகச் சாப்பாடு தொடர்ந்தது. எங்கள் கோவைப் பக்கத்தில் இடியப்பத்தைச் சந்தகை என்போம் என்று சொல்லிப் பார்த்தேன். இருவரும் என்னிடம் தனித்தனியாக "அப்பிடியோ?" என்றார்கள்.

மலாக்காவில் என் முதல் காலை அப்படித்தான் விடிந்தது.

பெட்டியில் எழுதிய ஊர்

தெரியாத நாட்டில், தெரியாதவர் வீட்டில், ஒரு பெண் தனியாகப் போய்த் தங்கப் பயமாக இல்லையா என்று சென்ற வாரம் படித்தவர்கள் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ஓட்டலில் எனக்குப் பயம் உண்டு. கதவைச் சாத்தினால் நான் இருக்கிறேனா, இல்லையா என்று ஒருவருக்கும் தெரியாது. வீடு என்றால், காலையில் எழுந்து வராவிட்டால் யாராவது கதவைத் தட்டுவார்கள்.

நான் கோவையில் தண்ணீர் மோட்டார் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் வேலை பார்த்தவள். கப்பலுக்குப் போகும் பெட்டிகள்மீது ஒட்டும் முகவரிகளை நான்தான் அடிப்பேன். அதில் அடிக்கடி வந்த ஊர் மலாக்கா. அந்தப் பெயரை அவ்வளவு தடவை அடித்திருந்தும், அங்கே மழை எப்படிப் பெய்யும் என்றுகூட எனக்குத் தெரியாது. வேலையை விட்டதும் முதலில் அங்கேதான் போக வேண்டும் என்று முடிவு செய்தேன். சொந்தக்காரர்கள் காசி, ராமேஸ்வரம் என்றார்கள். அவை எங்கும் போய்விடாது.

வாடகைக்கு அறை தேடும் செயலியில் இந்த வீடு அகப்பட்டது. ஊரை ஒட்டிய புக்கிட் பெருவாங் பகுதி. தமிழ் பேசுவோம், பெண்களுக்கு மட்டும், ஊர் சுற்றிக் காட்டப்படும் என்று போட்டிருந்தது. கடைசி வரி எனக்குப் பிடித்தது. அந்த வரிக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

பஸ் நிலையத்துக்குப் புவனேஸ்வரி அக்கா தன் சின்னக் காரில் வந்து என்னை அழைத்துப்போனார். அரசு மருத்துவமனையில் வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். வீட்டுக்கு வந்ததும் அவருடைய அண்ணன் சிவபாதம் வாசலில் நின்றார். நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்தவர், மனைவியை இழந்தவர். தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம் என்பதால் இருவர் பேச்சிலும் அந்த ஊர்த் தமிழ் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

வந்த அன்றே எனக்கு ஒன்று உறைத்திருக்க வேண்டும். அண்ணன் என்னை வரவேற்றார், தங்கை என் பெட்டியை உள்ளே வைத்தார். இருவரும் ஒருவரையொருவர் தாண்டிப் போனபோது, பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள் ஒதுங்குவதுபோல ஒதுங்கினார்கள்.

இந்த வேலை எனக்குப் பழக்கம்தான்

இங்கே கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

எங்கள் கம்பெனிக்கு அண்ணன் தம்பி இரண்டு முதலாளிகள். அடுத்தடுத்த அறை. ஏதோ ஒரு பொங்கலுக்குப் பிறகு இருவருக்கும் பேச்சு நின்றுவிட்டது. அன்றிலிருந்து நான்தான் தூது.

"அந்த முட்டாள்கிட்ட சொல்லு, அந்த ஆர்டரை எடுத்தா கம்பெனி தெருவுக்கு வரும்னு" என்று பெரியவர் கத்துவார். நான் அடுத்த அறைக்குப் போய், "இந்த ஆர்டர் விஷயமா அண்ணனுக்குக் கொஞ்சம் யோசனையா இருக்குதாமுங்க" என்பேன். சின்னவர் ஒரு கெட்ட வார்த்தை சொல்வார். நான் திரும்பி வந்து, "தம்பி யோசிக்கிறேன்னு சொன்னாருங்க" என்பேன். அலுவலகத்தில் எனக்கு நல்ல பெயர். மல்லிகா இல்லாவிட்டால் வெட்டுக் குத்து ஆகியிருக்கும் என்பார்கள்.

ஆனால் பல வருஷம் கழித்து ஒரு நாள் கம்பெனி நேராகக் கோர்ட்டில்தான் போய் நின்றது. ஒருவர் மனதில் எவ்வளவு கோபம் இருக்கிறது என்று மற்றவருக்குத் தெரியவே இல்லை. நான்தான் வழியில் எல்லாவற்றிலும் சர்க்கரை கலந்துவிட்டேனே! அப்போது ஒன்று புரிந்துகொண்டேன். தூது போகிறவள் இனிக்க இனிக்கப் பேசினால் சண்டைக்கு ஆயுசு கூடும்.

அதனால் புக்கிட் பெருவாங்கில் அந்த இடியப்பத் தட்டுக்கு முன் உட்கார்ந்தபோது நான் பதறவில்லை. இவர்களுக்குள் என்ன என்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது.

ரயில் நிலையம் பார்க்கப் போனோம்

மறுநாள் நான் அருங்காட்சியகம் போகலாம் என்றேன். புவனா அக்கா காரில் ஏறி உட்கார்ந்து, "முதல்ல புலாவ் செபாங் போவம்" என்றார்.

"அங்க என்னங்க்கா இருக்குது?"

"ரயில்வே ஸ்டேஷன் வடிவா இருக்கும்."

ரயில் நிலையம் பார்க்கவா கடல் தாண்டி வந்தேன் என்று கேட்கவில்லை. அவர் அன்று நல்ல சேலை உடுத்தியிருந்தார். ரயில் நிலையம் பார்க்கப் போகிறவர் யாரும் அப்படி உடுத்துவதில்லை.

ஆயர் குரோ தொழிற்சாலைகளைத் தாண்டி, அலோர் காஜா வழியாகப் போனோம். பிறகு செம்பனை என்கிற எண்ணெய்ப் பனைத் தோட்டங்கள். வரிசை வரிசையாக ஒரே உயரத்தில், கார் ஓட ஓட விசிறிபோல விரிந்து மூடின. நடுவில் எங்காவது கொஞ்சம் ரப்பர் மரங்கள். ஜன்னலைத் திறந்தால் ஈர மண்ணும் புளித்த பழமும் சேர்ந்த ஒரு வாசனை.

புலாவ் செபாங் நிலையம் சுத்தமாக இருந்தது. ஒரு ரயில் வந்தது, போனது. பார்க்க அவ்வளவுதான். எதிர்க் கடையில் ஓர் ஆள் எழுந்து நின்று கை காட்டினார். மேசையில் மூன்று பொட்டலம் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, வாழை இலையில் மடித்து வைத்திருந்தது. அக்கா உட்காருமுன்பே அவருடைய சீனி போடாத தேநீர் வந்து சேர்ந்தது. யாரும் சொல்லாமலே வந்தது. எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"உக்காருங்கலா, தங்கச்சி. வழியில ஜாம் இல்லையே?" என்றார் அவர், அந்த ஊர்ப் பேச்சின் ‘லா’வோடு.

அவர் பெயர் ஆரோக்கியம். பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர்களின் பிள்ளை. அக்கா வேலை பார்த்த அதே மருத்துவமனையில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். இப்போது ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். மனைவி இறந்துவிட்டார், ஒரே மகள் ஜொகூரில் வேலை.

"வேலை செய்யறப்ப எங்களுக்குள்ள சண்டைதான்லா" என்றார். "பேஷண்ட்டை இறக்கறப்ப ஸ்ட்ரெச்சர் ஆடிச்சுன்னு வார்டு முழுக்கக் கேக்குற மாதிரி திட்டுவாங்க. ரிட்டையர் ஆனப்புறம் ஒரு கல்யாணத்துல பாத்தேன். இப்ப யாரைத் திட்டுறீங்கன்னு கேட்டேன். ஆளே இல்லைன்னாங்க."

அக்கா தலையைக் குனிந்துகொண்டு இலையைப் பிரித்தார். காது சிவந்திருந்தது. நாற்பது கட்டில் வார்டை ஒற்றைப் பார்வையில் அடக்கியவர் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

"கல்யாணத்தை ரெஜிஸ்டர் பண்ண நான் ரெடி, என் மகளும் சரின்னுட்டா" என்றார் ஆரோக்கியம் அண்ணன். "இவங்கதான் அண்ணன் ஒரு வார்த்தை சொல்லட்டும்னு காத்துக்கிட்டு இருக்காங்க. அவரு பேசறதே இல்லை. அப்புறம் எப்பிடி வார்த்தை வரும்?"

"நான்தான் கதைக்கிறேல்ல" என்றார் அக்கா. "அண்ணை இவரைப் பற்றி ஒரு சொல் சொன்னவர். அதுக்குப் பிறகு நான் வாய் திறக்கேல்ல."

"மியூசியம் எண்டு சொல்லுங்கோ"

திரும்பும் வழியில் அக்கா, "அண்ணை கேட்டா மியூசியம் போனது எண்டு சொல்லுங்கோ" என்றார்.

"இப்படி வெளிய வர ஒரு சாக்குக்குத்தான் வீட்டுல அறை வாடகைக்கு விட்டீங்களாங்க்கா?"

அவர் ஸ்டீயரிங்கைப் பார்த்தபடி சிரிப்பை அடக்கினார். "உங்களுக்கு முதல் வந்த பிள்ளையள் வேற மாதிரி. தாங்களே டாக்ஸி பிடிச்சுப் போயிட்டுதுகள். நான் வீட்டிலயே இருந்தன்."

"அக்கா, நான் பொய் சொல்ல மாட்டேனுங்க. அண்ணன் கேட்டா நடந்ததைச் சொல்லுவேன். நீங்க என்ன சொல்லச் சொன்னாலும் அதை அப்படியே சொல்லுவேன். அவர் சொல்றதையும் உங்ககிட்ட அப்படியே சொல்லுவேன். ஒரு எழுத்து மாத்த மாட்டேன். சம்மதம்னா இன்னைக்கு இருந்து நான் தூது. இல்லைன்னா நாளைக்கே வேற வீடு பார்த்துக்கறேன்."

காரை ஓரமாக நிறுத்திவிட்டார். லாரி ஒன்று செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு எங்களைக் குலுக்கிவிட்டுப் போனது.

"சரி. சொல்லுங்கோ" என்றார். குரல் வார்டு சிஸ்டருடையது.

கலப்படம் இல்லாமல்

மாலைத் தேநீருக்கு, கார் நிறுத்தும் முகப்பில் மூவரும் உட்கார்ந்தோம். சிவபாதம் அண்ணன் என்னிடம் கேட்டார்.

"இண்டைக்கு எங்க போனீங்கள்?"

"புலாவ் செபாங்குங்க. ஆரோக்கியம் அண்ணன் நாசி லெமாக் வாங்கிக் குடுத்தாரு. நல்லா இருந்துச்சு."

கோப்பையைச் சாசரில் வைத்தார். வைத்த சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

"அவவிட்டச் சொல்லுங்கோ, எங்கட குடும்பத்தில ஒருத்தரும் இப்பிடி ஊர் சிரிக்க நடந்ததில்லை எண்டு."

நான் வலப்பக்கம் திரும்பினேன். "எங்கட குடும்பத்தில ஒருத்தரும் இப்பிடி ஊர் சிரிக்க நடந்ததில்லை" என்றேன். அவர் சொன்ன அதே வேகம், அதே அழுத்தம்.

அக்காவின் முகம் வெளுத்தது. "அப்பாவைப் பாத்தன். அம்மாவைப் பாத்தன். அவற்ற மனுசியை, என்ட அண்ணியைக் கடைசி மூச்சு வரைக்கும் நான்தான் துடைச்சுப் பாத்தன். அப்ப ஊர் என்ன செய்தது எண்டு கேளுங்கோ."

நான் இடப்பக்கம் திரும்பி அதையும் அப்படியே சொன்னேன். "துடைச்சுப் பாத்தன்" என்ற இடத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அதுக்காக?" என்றார். "போயும் போயும் ஒரு டிரைவரோ எண்டு கேளுங்கோ."

"போயும் போயும் ஒரு டிரைவரோ?" என்றேன் அக்காவைப் பார்த்து.

ஒரு புது ஆள் வாயிலிருந்து, வெளிச்சத்தில், அந்த வார்த்தை வந்து விழுந்தபோது அது நாறியது. எனக்கே தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ, தங்கச்சி" என்றார் மெதுவாக.

"நீங்க சொன்னதுதானுங்க."

நான் எழுந்தேன். "நான் கொஞ்ச தூரம் நடந்துட்டு வர்றேன். எனக்கு வழி தெரியும். நீங்க ரெண்டு பேரும் இருங்க" என்று சொல்லிவிட்டு, குடையை எடுக்காமல் கேட்டைத் திறந்துகொண்டு போய்விட்டேன்.

கடந்து போன கார்

தெரு முனையில் ஒரு தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. அந்த ஊரில் மாமாக் கடை என்கிறார்கள். தே தாரிக் கேட்டேன். கடைக்காரர் ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்கு நுரை பொங்க ஆற்றிக் கொடுத்தார். பாதி குடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. முகவரி அடித்த காலமெல்லாம் நான் தெரிந்துகொள்ள நினைத்த மழை. தூறல் என்று முன்னறிவிப்பு எதுவும் இல்லை. வானம் அப்படியே கொட்டியது.

கொஞ்ச நேரத்தில் அந்தச் சின்னக் கார் வந்தது. நான் எழுந்து கையாட்டினேன். கார் மெதுவாக என்னைக் கடந்து போனது. நிற்கவில்லை.

உள்ளே இருவரும் முன்சீட்டில் இருந்தார்கள். அக்கா ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையை விரித்து என்னவோ கேட்டார். அண்ணன் அவர் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்து பதில் சொன்னார். இருவர் வாயும் ஒரே நேரத்தில் அசைந்தது.

"உங்களைத் தேடியாக்கா வந்தாங்க?" என்றார் கடைக்காரர்.

"தேடித்தான் வந்தாங்க. மறந்துட்டாங்க" என்றேன். இன்னொரு தேநீர் சொன்னேன்.

கார் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வந்தது. மழையில் ஓடிப்போய்ப் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். ஈரச் சேலையைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. சண்டை நடுவில் இருந்தது.

"கோவில்ல வச்சு வேற ஆள் சொல்லி நான் கேள்விப்பட்டனான். அது எனக்கு எப்பிடி இருந்திருக்கும்?" என்றார் அண்ணன்.

"சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்கள்?"

"வேண்டாம் எண்டுதான் சொல்லியிருப்பன். ஆனா என்னட்டச் சொல்லியிருப்பாய்."

வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது.

"நீ போனா நான் என்ன செய்யிறது?" என்றார் அண்ணன், காரின் முன்கண்ணாடியைப் பார்த்து.

"சமைக்கப் பழகுங்கோ" என்றார் அக்கா.

கல் நெஞ்சம் என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாழ்நாளெல்லாம் எல்லோருக்கும் மருந்து கொடுத்தவர், தேன் கலக்காமல் கொடுத்த முதல் மருந்து அது. அண்ணன் அதை விழுங்கிக்கொண்டு, வீடு வரும்வரை யோசித்தார். காரை விட்டு இறங்கும்போது, "ஞாயிறு அவரை வரச் சொல்லு. நான் கதைக்கோணும்" என்றார்.

ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து நேராக வந்தார் ஆரோக்கியம் அண்ணன். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, கையில் ஒரு கட்டு ரம்புத்தான் பழம். ஸ்கூல் வேனை வாசலில் நிறுத்தியதும் அக்கம்பக்கத்து வீட்டுத் திரைச்சீலைகள் அசைந்தன. அசையட்டும்.

சிவபாதம் அண்ணன் நேர்முகத் தேர்வு வைப்பதுபோல நாற்காலியை எதிரே போட்டிருந்தார்.

"என்ட தங்கச்சி மதம் மாறோணுமோ?"

"எதுக்கு? அவங்க கோயிலுக்குப் போவட்டும், நான் சர்ச்சுக்குப் போறேன். ரெண்டு எடத்துக்கும் போவ வண்டி இருக்குலா."

"பிரஷர், சுகர்?"

"ரெண்டும் இருக்கு. அதைப் பாத்துக்க சிஸ்டர் இருக்காங்க."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"நான் உங்களைப் பற்றி ஒரு சொல் சொன்னனான். உங்களுக்குத் தெரியவேணும்."

"என்ன சொன்னீங்க?"

"டிரைவர் எண்டு."

ஆரோக்கியம் அண்ணன் மற்றவர் முகங்களைப் பார்த்தார். உண்மையாகவே விளங்கவில்லை. "டிரைவர்தானே நான்? வேற என்னான்னு சொல்வாங்க?"

நிமிர்ந்து உட்கார்ந்திருந்த சிவபாதம் அண்ணன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பிறகு, "எங்க இருக்கப் போறீங்கள்?" என்று கேட்டார். கேள்வி மாப்பிள்ளைக்கு, பதில் அடுப்படிக் கதவிலிருந்து வந்தது.

"புலாவ் செபாங்கில, அண்ணை. அதையும் இப்பவே சொல்லிப்போட்டன்."

அவருக்கு அது வலித்தது. மறைக்கவும் இல்லை. ரம்புத்தான் ஒன்றை எடுத்து, முடி போன்ற அதன் மேல்தோலை வெகுநேரம் விரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "சரி. சோறு போடு. இவர் பசியோட இருப்பார்" என்றார் தங்கையைப் பார்த்து.

கல்யாணப் பதிவு நான் ஊர் திரும்பிய பிறகு நடந்தது. கைபேசியில் படம் அனுப்பினார்கள். அக்கா கழுத்தில் மாலை, ஆரோக்கியம் அண்ணன் கோட்டு பட்டன் ஒன்று போடாமல் விட்டிருந்தார். சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்த சிவபாதம் அண்ணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

திங்கள்

ஆனால் நான் சொல்ல விரும்புவது அந்த ஞாயிறுக்கு அடுத்த நாளை.

பதிவுக்கு மனு கொடுக்க அக்கா காலையிலேயே ஆரோக்கியம் அண்ணன் வேனில் கிளம்பிவிட்டார். வேன் தெரு திரும்பி மறையும் வரை அண்ணன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு வீட்டுக்குள் வந்து ஒவ்வோர் அறையாகப் போய் மின்விசிறிகளை நிறுத்தினார். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எனக்கும் ஆறுதல் சொல்லும் பழக்கம் கிடையாது.

"நான் டவுனுக்குப் போறேனுங்க. ஆத்துல படகு விடுறாங்களாமே, நீங்க வர்றீங்களா?" என்றேன்.

"இந்த ஊர் முழுக்க நான் அளந்தவன், தங்கச்சி."

"அளந்தீங்க. படகுல போனீங்களா?"

யோசித்தார். "இல்லை. டூரிஸ்ட்டுகள்தான் போவினம்." உள்ளே போனவர் தொப்பியோடு வந்தார்.

படகில் சீனப் பிள்ளைகள் ஒரு கூட்டம், ஆளுக்கொரு ஐஸ்கிரீமோடு. நாங்கள் பின்னால் உட்கார்ந்தோம். இரண்டு கரையிலும் சுவர் முழுக்கப் படம் வரைந்த வீடுகள் நகர்ந்தன. கரையோரச் சேற்றில் ஓர் உடும்பு வெயில் காய்ந்தது. முதலில் அவர் எனக்கு இடங்களைக் காட்டினார். இது பழைய எல்லை, இங்கே ஒரு கல் நட்டோம் என்று. கொஞ்ச தூரம் போனதும் விளக்கம் சொல்வதை நிறுத்திவிட்டு, பிள்ளைகளைப்போலவே தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார்.

அவர் சட்டைப் பையில் கைபேசி அடித்தது. எடுத்தார்.

"ஓம்... குடுத்திட்டீங்களோ? நல்லது... இல்லை, வீட்டில இல்லை. ஆத்தில நிக்கிறன்... ஆத்தில! படகில... ஏனோ? பாக்கத்தான்... சாப்பாடு கிடக்கட்டும். பிறகு எடு, இப்ப பாலம் வருது."

பேச்சை முடித்து, கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு, தொப்பியைக் கையால் அழுத்திப் பிடித்தபடி, பாலத்தை நன்றாகப் பார்க்க எழுந்து முன்வரிசைக்குப் போனார்.